சூட்கேஸ் ரெக்கார்ட் பிளேயரில் இருக்கும் அந்த 'கிராஸ்லி' யார்?

கேள்வி சுருக்கமாக இதுதான்: கிராஸ்லி என்ற பெயர் போட்ட சூட்கேஸ் மாடல் ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருக்கிறீர்கள். 1920களில் ரேடியோ செய்த கம்பெனி என்கிறார்களே, அது இதுதானா, அதை ஆரம்பித்தவர் நிஜமாகவே கண்டுபிடிப்பாளரா, இல்லை கெட்டிக்கார வியாபாரி மட்டும்தானா என்று கேட்கிறீர்கள்.

முதல் பாதிக்குப் பதில், பெயர் அதுதான், கம்பெனி வேறு. இரண்டாம் பாதிக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த மனிதர் அப்படி.

பவல் கிராஸ்லி ஜூனியர், 1886ல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் சின்சினாட்டி நகரத்தில் பிறந்தவர். அப்பா வக்கீல். பையனுக்குக் கார் பைத்தியம். பன்னிரண்டு பதிமூன்று வயதில் அப்பாவிடம் ஒரு பந்தயம்: தெருமுனை வரை ஓடுகிற ஒரு வண்டியைச் செய்து காட்டினால் 10 டாலர். கையில் காசில்லை. தம்பி லூயிஸிடம் 8 டாலர் கடன் வாங்கி, ஒரு வண்டியில் மின்மோட்டாரும் பேட்டரியும் வைத்து ஓட்டிக் காட்டிவிட்டார். 10 டாலர் வந்தது, தம்பியின் 8 திரும்பப் போனது, மிச்சம் 2 டாலரை இருவரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். யோசனை அண்ணனுடையது, அதை நடத்திக் காட்டுவதற்கு முட்டுக்கொடுப்பது தம்பி, இந்த ஏற்பாடு கடைசிவரை மாறவே இல்லை. பின்னாளில் தொழிற்சாலையைத் தினசரி கட்டி மேய்த்தவர் லூயிஸ்தான், ஆனால் பெயர் என்னவோ முழுக்க அண்ணனுக்கே போயிற்று.

1907ல் மாரத்தான் சிக்ஸ் என்று ஆறு சிலிண்டர் கார் ஒன்றைக் கட்டினார். அந்த வருஷமே அமெரிக்காவில் வங்கிகள் ஆட்டம் கண்டு பணப் புழக்கம் நின்றுபோனது, கார் கம்பெனியும் முளையிலேயே போயிற்று. அப்புறம் இண்டியானாபொலிஸில் ஒரு கார் வியாபாரியிடம் வேலை. அங்கே ஒரு காரைக் கைப்பிடி சுற்றி ஸ்டார்ட் செய்யும்போது கை ஒடிந்தது. ரேஸ் ஓட்டும் கனவு அதோடு சரி. விளம்பரத் துறை, இன்னும் ஏதேதோ வேலைகள் என்று சுற்றிவிட்டுக் கடைசியில் கார் உதிரிச் சாமான்களைத் தபாலில் விற்கும் தொழிலில் காசு பார்த்தார். தேய்ந்த டயருக்குள் வைக்கும் உள்லைனிங், ரேடியேட்டர் மூடியில் கொடி சொருகும் தாங்கி, இந்த மாதிரி. பெரிய விஞ்ஞானம் ஒன்றும் இல்லை, ஆனால் எந்தப் பொருளை எவ்வளவு மலிவாக எத்தனை பேருக்கு விற்கலாம் என்ற கணக்கு அங்கேதான் அவருக்குப் படிந்தது. கூடவே கிராமபோன் பெட்டி செய்யும் மரவேலைக் கடையும் கையில் இருந்தது. அந்த வகையில் உங்கள் ரெக்கார்ட் பிளேயருக்கும் அவருக்கும் ஒரு ஒட்டுறவு இருக்கத்தான் செய்கிறது!

சரி, ரேடியோவுக்கு வருவோம். 1921 பிப்ரவரி 22, வாஷிங்டன் பிறந்தநாள் விடுமுறை. கிராஸ்லியின் மகன் ஒரு நண்பன் வீட்டில் ரேடியோ கேட்டுவிட்டு வந்து தனக்கும் வேண்டும் என்கிறான். அப்பாவும் மகனும் ஊரிலுள்ள பிரிசிஷன் எக்விப்மெண்ட் என்ற கடைக்குப் போகிறார்கள். இருப்பதிலேயே மலிவான செட் 130 டாலர். அன்றைக்கு ஒரு தொழிலாளியின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். விளையாட்டுச் சாமானுக்கு இவ்வளவா என்று திகைத்துப்போன கிராஸ்லி, ரேடியோவின் அரிச்சுவடி மாதிரியான 25 சென்ட் புத்தகம் ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். புத்தகத்தைப் படித்து மகனோடு உட்கார்ந்து ஒரு செட்டைக் கட்டினார். கட்டும்போதே புரிந்துவிட்டது, இதில் 130 டாலருக்கு எதுவுமே இல்லை என்று.

சின்சினாட்டி பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்களை வேலைக்கு வைத்துக்கொண்டு அதே ஆண்டில் ஹார்கோ என்ற கிரிஸ்டல் செட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை 7 டாலர், ஹெட்போன், ஏரியல் கம்பியெல்லாம் தனி. கிரிஸ்டல் செட் தெரியாதவர்களுக்கு: பேட்டரி கிடையாது, வால்வு (அலையைப் பெருக்கும் கண்ணாடிக் குழாய்) கிடையாது. ஏரியலில் வருகிற அலையின் சக்தியே ஹெட்போனை ஓட்டும். கலீனா என்ற ஈயத் தாதுக்கல்லின்மேல் மெல்லிய கம்பி நுனி ஒன்று தொட்டுக்கொண்டிருக்கும், 'பூனை மீசை' என்பார்கள். அந்தத் தொடுமுனை மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும், அதனால் ரேடியோ அலையின்மேல் ஏறி வந்த குரல் பிரிந்து காதில் விழும். பலம் இல்லாத ஏற்பாடுதான். நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும், அல்லது அது பலமாக அலற வேண்டும். இந்த இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கிராஸ்லியின் மொத்தக் கதையும் அதில்தான் தொங்குகிறது.

நிலையம் மாற்றத் தேவைப்படுவது வேரியபிள் கண்டன்சர், நம் ஊர் மெக்கானிக்குகள் 'கேங்' என்பது இதன் வாரிசைத்தான். வளைவான உலோகத் தகடுகள் ஒரு தண்டில் வரிசையாக மாட்டியிருக்கும், நிலையாக நிற்கும் தகடுகளுக்கு நடுவே இடிக்காமல் போய்வர வேண்டும். துல்லியமான வேலை, ஆகவே விலை. நான் பள்ளிக்கூட நாளில் அட்டைக் குழாயில் கம்பி சுற்றி, பூனை மீசைக்குப் பதில் ஓஏ79 டயோடு வைத்து ஒரு கிரிஸ்டல் செட் கட்டியபோதும் மற்ற எல்லாச் சாமானையும் சேர்த்த விலைக்கு மேல் அந்த கேங் ஒன்றுக்கே கொடுத்தேன். கிராஸ்லி கைவைத்ததும் சரியாக அந்த இடத்தில்தான். சுழலும் தகடுகளைத் தூக்கிப்போட்டுவிட்டு, உலோகத் தகடு ஒட்டிய இரண்டு சின்ன பலகைகளைக் கீல் போட்டுப் புத்தகம் மாதிரி இணைத்தார். நடுவில் மின்காப்புக்கு மைக்கா. குமிழைத் திருகினால் காம் என்ற மேடுள்ள சக்கரம் தள்ளிப் 'புத்தகம்' திறக்கும், திரும்பத் திருகினால் மூடும். தகடுகள் நெருங்கினால் கொள்திறன் (மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கும் அளவு) கூடும், விலகினால் குறையும், அதற்கேற்ப நிலையம் மாறும். அவ்வளவுதான். கடைசல் எந்திரம் வேண்டாம், தேர்ந்த தொழிலாளி வேண்டாம், மரப்பெட்டிக் கடையிலேயே செய்துவிடலாம். பார்ப்பதற்கு எலிப்பொறி மாதிரி இருக்கும், ஆனால் வேலை செய்யும். 'புக் கண்டன்சர்' என்று பழைய ரேடியோ சேகரிப்பாளர்கள் இன்றும் தேடித் திரிவது இதைத்தான். என்னைக் கேட்டால் அவர் கண்டுபிடிப்பாளரா என்ற கேள்விக்கு இந்த ஒரு சாமானே போதுமான சாட்சி. மின்னணுவியலில் புதிதாக ஒரு விதியையும் அவர் சொல்லவில்லை. ஆனால் ஒரு பொருளில் காசு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடித்து, அந்த இடத்தில் மட்டும் புத்தியைச் செலவழிக்கத் தெரிந்தவர்.

அடுத்தது வால்வு ரேடியோ. இங்கே ஒரு பெரிய தடை இருந்தது. ஒற்றை வால்வை வைத்துக்கொண்டு தூரத்து நிலையத்தைப் பிடிக்க வேண்டுமானால் ரீஜெனரேட்டிவ் சுற்றுதான் ஒரே வழி. வால்விலிருந்து வெளியே வரும் அலையில் கொஞ்சத்தைத் திரும்ப அதன் வாயிலேயே ஊட்டுவது, அப்படிச் சுற்றிச் சுற்றிப் பெருக்கும். (அளவு மீறினால் ஊளையிடும், அதுவும் நம் வீட்டோடு நிற்காது, ஏரியல் வழியாக வெளியேறிப் பக்கத்து வீட்டு ரேடியோவிலும் ஊளையிடும். அந்தக் காலத்தில் அண்டை வீட்டுச் சண்டைகளுக்கு இது நல்ல காரணம்.) இதன் காப்புரிமை எட்வின் ஆம்ஸ்ட்ராங்குடையது. 1920ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி அதை வாங்கிக்கொண்டது, புதிதாக யாருக்கும் உரிமம் கிடைக்கவில்லை. அதற்கு முன்பே ஆம்ஸ்ட்ராங்கிடம் உரிமம் வாங்கியிருந்த சிறு கம்பெனிகள் மட்டும் தொடர்ந்து செய்யலாம், உரிமத்தை மட்டும் பிரித்து இன்னொருவருக்கு விற்க முடியாது. அப்படி உரிமம் வைத்திருந்தவர்களில் ஒருவர் யார் தெரியுமா? 130 டாலர் சொன்ன அதே பிரிசிஷன் எக்விப்மெண்ட். கிராஸ்லி கம்பெனியையே மொத்தமாக வாங்கிவிட்டார், 1923 வாக்கில். மகனுக்கு ரேடியோ வாங்கப் போய் விலை கேட்டு முகம் சுளித்துத் திரும்பிய கடைக்கு இரண்டே வருஷத்தில் முதலாளி.

அதன்பின் தடையே இல்லை. 1924ல் மாடல் 51, இரண்டு வால்வு, 18.50 டாலர், சக்கைப்போடு போட்டது. டிரிர்டின் என்று வாயில் நுழையாத பெயரில் ஒரு மூன்று வால்வு செட், அதில் ரிஃப்ளெக்ஸ் என்ற தந்திரம்: ஒரே வால்வு முதலில் ரேடியோ அலையைப் பெருக்கும், பிரித்தெடுத்த குரல் திரும்ப அதே வால்வுக்கு வந்து இன்னொரு முறை பெருகும். ஒரே ஆளுக்கு இரண்டு ஷிப்ட். 1925ல் 'பப்', அதாவது நாய்க்குட்டி. 9.75 டாலருக்கு ஒற்றை வால்வு வைத்த சின்னத் தகரப் பெட்டி. பத்திரிகைகள் அவரை ரேடியோவின் ஹென்றி ஃபோர்டு என்றன. உலகிலேயே அதிக ரேடியோ செய்யும் கம்பெனி என்று விளம்பரம் செய்துகொள்ளும் இடத்துக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே வந்துவிட்டார்.

மலிவு ரேடியோ என்றால் காது மந்தம், அதற்கு என்ன செய்வது? வேறு யாராக இருந்தாலும் ரேடியோவில் இன்னும் இரண்டு வால்வு சேர்த்திருப்பார்கள். இவர் நிலையத்தின் குரலை உயர்த்தினார். 1921லேயே வீட்டிலிருந்து 20 வாட்டில் கிராமபோன் ரெக்கார்டு போட்டு, கேட்கிறதா என்று விசாரித்துக்கொண்டிருந்த மனிதர், 1922 மார்ச்சில் டபிள்யூஎல்டபிள்யூ என்ற நிலையத்துக்கு உரிமம் வாங்கினார், 50 வாட். பிறகு 500. 1925ல் 5,000. 1928ல் 50,000. நிலையம் ஒரு முறை பலப்பட்டால் லட்சக்கணக்கான வீடுகளில் மலிவு ரேடியோ வேலை செய்யும். செலவைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கோபுரத்தில் வைத்துவிட்டார். இந்த ஒரு நகர்த்தலை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஆச்சரியம் தீர்வதில்லை, ரேடியோ விற்கும் கடைக்காரருக்குத் தோன்ற வேண்டிய யோசனையே இல்லை இது. நிலையத்துக்கு நிகழ்ச்சி வேண்டுமே என்ற கவலைக்கும் வழி ஊரிலேயே இருந்தது. சோப்பு செய்யும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் சின்சினாட்டிக் கம்பெனிதான், அவர்கள் பணத்தில் 1933ல் பகல்நேரத் தொடர் நாடகம் ஒன்று இங்கே ஆரம்பித்து நாடு முழுக்கப் போனது. 'சோப் ஓப்பரா' என்ற பெயரே இப்படிச் சோப்பு விற்க வந்த ரேடியோ நாடகங்களால் ஒட்டிக்கொண்டதுதான்.

1934 மே 2ஆம் தேதி இரவு, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகையிலிருந்து தங்கச் சாவி ஒன்றை அழுத்த, மேசன் என்ற ஊரில் டபிள்யூஎல்டபிள்யூவின் 5,00,000 வாட் டிரான்ஸ்மிட்டர் ஓட ஆரம்பித்தது. ஐந்து லட்சம்! அமெரிக்காவில் மற்ற நிலையங்களுக்கு உச்சவரம்பு 50,000 வாட். 831 அடிக் கோபுரம், நடுவில் பருத்து இரு முனையும் கூர்ந்த கதிர் வடிவம். வால்வுகள் தண்ணீரால் குளிர்விக்கப்பட்டன, அந்தச் சூட்டை ஆற்றுவதற்குக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு குளமே வெட்டி நீரூற்று மாதிரி பீய்ச்சினார்கள்.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் கதைகள் சொல்ல ஆரம்பித்தார்கள். முள்வேலி பேசுகிறது, கூரைத் தண்ணீர்க் குழாய் பாடுகிறது, விளக்கை அணைத்தால் அணையவில்லை. கேட்கக் கட்டுக்கதை மாதிரி இருக்கும், ஆனால் நடக்கக்கூடியதுதான். நீளமான உலோகம் எதுவாக இருந்தாலும் ஏரியல். இரண்டு தகரம் சேரும் இடத்தில் துரு பிடித்திருந்தால் அந்தத் துரு பூனை மீசை வேலையைச் செய்யும், மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும். குரல் பிரிந்து, தளர்ந்து கிடக்கும் தகரத்தை அதிரவைக்கும். ஹார்கோவுக்கு 7 டாலர் வாங்கியவர், கடைசியில் தண்ணீர்க் குழாயையே இலவச கிரிஸ்டல் செட் ஆக்கிவிட்டார் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

வழக்கம்போல மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. டொரான்டோ நிலையம் ஒன்று பக்கத்து அலைவரிசையில் இருந்தது, அதன் ஒலிபரப்பை இது விழுங்குகிறது என்று கனடா புகார் கொடுத்தது. அந்தத் திசையில் மட்டும் வீச்சைக் குறைக்கக் கூடுதல் கோபுரங்கள் கட்டும்வரை இரவில் 50,000 வாட்டுக்கு இறங்க வேண்டியிருந்தது. உள்நாட்டிலும் சிறு நிலையங்கள் எங்கள் விளம்பரம் எல்லாம் அங்கே போகிறது என்று கத்தின. 1938ல் அமெரிக்க செனட் 50,000 வாட்டுக்கு மேல் யாருக்கும் வேண்டாம் என்று தீர்மானம் போட்டது, 1939 மார்ச் 1ஆம் தேதியோடு வழக்கமான ஐந்து லட்சம் வாட் ஒலிபரப்பு நின்றது.

இதற்கிடையில் ரேடியோவோடு நிற்காமல் என்னென்னவோ செய்தார். மின்சாரம் இல்லாத பண்ணை வீடுகளுக்கு ஐஸிபால் என்ற குளிர்பெட்டி, கனடாக்காரர் ஒருவரின் கண்டுபிடிப்பு. குழாயால் இணைந்த இரண்டு இரும்பு உருண்டைகள், உள்ளே அம்மோனியாவும் தண்ணீரும். ஒரு உருண்டையை மண்ணெண்ணெய் அடுப்பில் ஒன்றரை மணி நேரம் காய்ச்சினால் அம்மோனியா ஆவியாகி, தண்ணீர்த் தொட்டியில் கிடக்கும் மற்ற உருண்டைக்குப் போய்த் திரவமாகும். அப்புறம் அந்த உருண்டையைப் பெட்டிக்குள் தொங்கவிட்டால் அது மறுபடி ஆவியாகும்போது ஒரு நாள் பூராவும் குளிரும். அசையும் பாகம் ஒன்றுகூடக் கிடையாது. 1930களின் தொடக்கத்தில் வந்த ஷெல்வடார் என்ற ஃபிரிட்ஜும் அடுத்தவர் யோசனைதான், உரிமையை விலைகொடுத்து வாங்கினார். ஃபிரிட்ஜ் கதவின் உள்பக்கம் தட்டு வைப்பது, அவ்வளவுதான் அந்த யோசனை. உங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவைத் திறந்து பாருங்கள், முட்டை வைத்திருக்கும் இடம்.

தலையில் மாட்டினால் காற்றை இழுத்தும் விட்டும் முடி வளர்க்கும் என்று ஒரு தொப்பியும் விற்றார், அதைப் பற்றி நீட்டி முழக்க வேண்டாம். 1934ல் சின்சினாட்டி ரெட்ஸ் பேஸ்பால் அணியை வாங்கினார், அடுத்த வருஷம் அந்த மைதானத்தில்தான் மேஜர் லீக்கின் முதல் இரவு ஆட்டம், விளக்கைப் போட மறுபடியும் ரூஸ்வெல்ட்தான் வெள்ளை மாளிகையிலிருந்து பொத்தானை அழுத்தினார். போர்க்காலத்தில் கம்பெனி செய்தது ப்ராக்ஸிமிட்டி ஃப்யூஸ். பீரங்கிக் குண்டின் மூக்கிலேயே ஒரு குட்டி ரேடியோ, இலக்குக்கு அருகே வந்ததும் தானே வெடிக்க வைக்கும். துப்பாக்கிக் குழாயிலிருந்து கிளம்பும் அதிர்ச்சியில் உடையாத கண்ணாடி வால்வுகள் அதற்குள் இருந்தன என்பதை இன்று நினைத்தாலும் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

ஆனால் மனசு முழுக்கக் கார்தான். 1939ல் கிராஸ்லி கார் வந்தது. இரண்டு சிலிண்டர், 350 டாலருக்குள், வீட்டுச் சாமான் கடை வாசல் வழியாக உள்ளே ஓட்டிக் காட்சிக்கு வைக்கிற அளவு ஒடுக்கம். 1945ல் ரேடியோ, ரேடியோ நிலையம் எல்லாவற்றையும் ஆவ்கோ என்ற கம்பெனிக்கு விற்றுவிட்டு, கார் தொழிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டார். போருக்குப் பிந்தைய காருக்குப் போட்ட எஞ்சின் அடுத்தவர் யோசனை, ஆனால் புக் கண்டன்சர் மாதிரியே மலிவு வழி. இரும்பு வார்ப்புக்குப் பதில் எஃகுத் தகடுகளை வெட்டி மடித்து, செம்பால் பற்றவைத்த எஞ்சின், சுமார் 59 பவுண்டு எடை. போரில் ஜெனரேட்டர் ஓட்ட நன்றாகத்தான் உழைத்தது. காரில் போட்டு, ஆளாளுக்குக் கண்ட தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றியதும் தகடு அரித்து ஓட்டை விழுந்தது. 1949ல் அதே எஞ்சினை வார்ப்பிரும்பில் மாற்ற வேண்டியதாயிற்று. அதே சமயம் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் போட்டார், மற்ற கார் கம்பெனிகளில் பெரும்பாலானவை அதைத் தொடாத காலம். குளிர்காலத்தில் பனி உருக ரோட்டில் கொட்டும் உப்புத் தண்ணீர் பட்டு அதுவும் இறுகிப்போனது.

ரேடியோவில் பலித்தது காரில் ஏன் பலிக்கவில்லை? ரேடியோ கேட்க விரும்பியவர்களுக்கு 130 டாலர் செட் எட்டாக்கனி, 7 டாலர் செட்டுக்குப் போட்டியே இல்லை. போருக்கு அப்புறம் அமெரிக்கர்களுக்குச் சின்ன புதுக் காரைவிடப் பெரிய பழைய கார் மேலாகப் பட்டது, பெட்ரோலும் அங்கே மலிவு. ரேடியோவில் கோபுரத்தை உயர்த்தின மாதிரி, காருக்கு வெளியே இருந்து சரிசெய்ய அவர் கையில் எதுவும் இல்லை. 1952 ஜூலையில் கார் உற்பத்தி நின்றது. சொந்தப் பணம் லட்சக்கணக்கில் போயிற்று. 1961ல் காலமானார்.

உங்கள் பிளேயருக்கு வருவோம். ஆவ்கோ 1956ல் கிராஸ்லி பெயரில் ரேடியோ, டிவி விற்பதை நிறுத்திவிட்டது. 1980களில் கென்டக்கியைச் சேர்ந்த வேறொரு கம்பெனி அந்தப் பெயரை எடுத்துப் பழைய பாணிச் சாதனங்களுக்கு வைத்தது. உங்களிடம் இருப்பது அந்த வழியில் வந்தது, பவல் கிராஸ்லிக்கும் அதற்கும் பெயர்தான் தொடர்பு. பொதுவாக இந்த சூட்கேஸ் வகை பிளேயர்களில் செராமிக் கார்ட்ரிட்ஜ்தான் (ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் மலிவு வகைத் தலை) இருக்கும், ஊசி ரெக்கார்டின்மேல் சற்றுப் பாரமாகவே உட்காரும். ஆகவே ஊசியைக் காலாகாலத்தில் மாற்றுங்கள், தாத்தா காலத்து எல்பி ஏதாவது பொக்கிஷமாக வைத்திருந்தால் அதை இதில் தினமும் ஓட்ட வேண்டாம். மேசனில் அந்தக் கதிர் வடிவக் கோபுரம் இன்னும் நிற்கிறது, 700 கிலோஹெர்ட்ஸில் அதே நிலையம் 50,000 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் கிழக்குப் பாதியில் யாராவது சொந்தக்காரர் இருந்தால் இரவில் ஏஎம் ரேடியோவைத் திருகிப் பார்க்கச் சொல்லுங்கள்.